ஆளா, பாட்டா? சின்ன சர்வரில் தானாக ஆடும் ஐடியை என்ன செய்வது?

சர்வர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நண்பர்கள் இருவரும் நானும் சேர்ந்து பிரவுசரில் ஆடும் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றை நடத்துகிறோம். வருமானம் கிடையாது. சர்வர் வாடகையை மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டுகிறோம். தினமும் 400 பேர் வரை வருகிறார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, கோட்டை கட்டி, பக்கத்து ஊர்மேல் படையெடுக்க வேண்டும். மரம் வெட்டும் பொத்தானை அழுத்தினால் 8 நிமிடம் கழித்து மரம் வரும். மறுபடி அழுத்த வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

போன வாரம் ஒரு புகார் வந்தது. பட்டியலில் முதல் இடத்தில் இருப்பவர் பாட் (ஆளுக்குப் பதிலாகத் தானே ஆடும் நிரல்) போட்டு ஆடுகிறாராம். லாகை (சர்வரில் பதிவாகும் குறிப்பை) எடுத்துப் பார்த்தேன். 31 மணி நேரம் விடாமல் மரம் வெட்டியிருக்கிறார். 232 முறை அழுத்தியதில் ஒரு முறைகூட 5 விநாடிக்கு மேல் தாமதம் இல்லை.

சிக்கல் என்னவென்றால் அவர்தான் எங்கள் ஆட்டத்தின் செல்லப்பிள்ளை. புதிதாக வருகிறவர்களுக்குத் தன் மரத்தை எடுத்துக் கொடுப்பார், எந்த இடத்தில் கோட்டை கட்டலாம் என்று பொறுமையாகச் சொல்லித்தருவார். அவரை பேன் செய்தால், அதாவது ஐடிக்குத் தடை போட்டால், ஐம்பது பேராவது கூடவே கிளம்பிவிடுவார்கள். செய்யாமல் விட்டால் விதி என்று ஒன்றை எதற்கு எழுதி வைத்தேன்?

மூன்று யோசனைகள் இருக்கின்றன: மணிக்கொரு முறை கேப்சா (ஆள்தானா என்று சோதிக்கும் புதிர்) வைப்பது, ஒருவருக்கொருவர் மரம் கொடுப்பதை நிறுத்துவது, அல்லது ஒரே நாளில் சந்தேகப்பட்ட எல்லோரையும் தூக்குவது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மண்கோட்டை

புகார் கொடுத்தவன் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. பட்டியலில் நான் இரண்டாவது இடம். ஏழு மாதமாகக் கையால் அழுத்துகிறேன். ராத்திரி 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அழுத்துகிறேன். வீட்டில் திட்டு வாங்குகிறேன். பேன் செய்யுங்கள், பேச என்ன இருக்கிறது?

---

நாஞ்சில்நண்டு

எங்கள் நாகர்கோவில் பக்கம் பாட்டா என்றால் தாத்தா. தலைப்பைப் பார்த்து ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். மன்னிக்கவும், தொடருங்கள்.

---

பழையபெருச்சாளி

தம்பி, உங்கள் மூன்று யோசனைகளையும் பெரிய கம்பெனிகள் எப்போதோ செய்து பார்த்துவிட்டன. விளைவும் தெரிந்ததுதான். ரூன்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் வந்த ஆட்டம், அதுவும் பிரவுசரில்தான் ஓடியது, அதுவும் மரம் வெட்டுவதுதான். (நான் வில்லோ மரம் வெட்டிய கணக்கைச் சொன்னால் என்னைப் பெற்றவர்களுக்கு வருத்தமாக இருக்கும்.)

முதலில் கேப்சா. அந்தக் காலத்தில் அவர்கள் அதை ஆட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். நீங்கள் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், திடீரென்று யாராவது வந்து நிற்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புதிருக்குள் தூக்கிக்கொண்டு போவார், ஒருத்தி சாண்ட்விச் நீட்டுவாள். கண்டுகொள்ளாமல் இருந்தால் அடி விழும், சில சமயம் பொருளும் போகும். ரேண்டம் ஈவென்ட் என்று பெயர். பாட் எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதிச் சேர்த்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டவன் கதவு திறக்க எழுந்து போன மனிதன்தான். இப்போதைய ஓல்டு ஸ்கூல் பதிப்பில் வந்து நிற்பவர்களை "போய்விடு" என்று அனுப்பிவிடலாம். பாட்டைப் பிடிக்க வந்த சங்கதி கடைசியில் அலங்காரமாக நின்றுவிட்டது.

இரண்டாவது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது. அதையும் செய்தார்கள். பாட் விட்டுத் தங்கம் சேர்த்து நிஜப் பணத்துக்கு விற்கிற கும்பல், திருட்டு கிரெடிட் கார்டில் சந்தா கட்டி ஆடியது. அந்தத் தலைவலி தாங்காமல் 2007 டிசம்பரில் வைல்டர்னெஸ் என்ற சண்டைக் காட்டில் ஒருவரை ஒருவர் வெட்டிப் பொருளை எடுத்துக்கொள்வதை நிறுத்தினார்கள். 2008 ஜனவரியில் சமமில்லாத பண்டமாற்றுக்கும் பூட்டு. அதாவது நண்பனுக்கு ஒரு நல்ல கவசம் சும்மா கொடுக்க முடியாது. தங்க வியாபாரி அடிபட்டான், உண்மைதான். கூடவே ஆட்டத்தில் இருந்த தாராள குணமும் செத்தது. எத்தனையோ பேர் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள், நானும் அதில் ஒருவன். கடைசியில் வாக்கெடுப்பு வைத்து 2011 பிப்ரவரி 1இல் பழையபடி திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது, ஒரே நாளில் தூக்குவது. பண்டமாற்று திரும்பியதும் பாட்டும் வெள்ளமாகத் திரும்பியது. 2011 அக்டோபரில் ஒரே நாளில் 15 லட்சம் அக்கவுண்ட்டுகளைத் தூக்கினார்கள். அன்று ஊரே வெறிச்சோடியது, காட்டில் மரங்கள் சும்மா நின்றன. கண்கொள்ளாக் காட்சி என்று நண்பன் போன் செய்து சொன்னான். எத்தனை நாளைக்கு? பாட் எழுதுகிறவர்களும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், திரும்பி வந்துவிட்டார்கள்.

உங்கள் ஆளைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே விஷயம் இருக்கிறது. அவர் மரத்தைப் புதியவர்களுக்குக் கொடுக்கிறார். கொடுப்பதை நிறுத்தினால் உங்கள் ஆட்டத்தின் நல்ல பாகம்தான் முதலில் போகும்.

---

இரவுப்பணி

பேன் அலையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கம்பெனிகள் பாட்டைக் கண்டுபிடித்த அன்றே தூக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை. உடனே தூக்கினால், எந்த மாற்றத்தால் மாட்டிக்கொண்டோம் என்று எழுதியவனுக்குத் தெரிந்துவிடும். சேர்த்து வைத்து ஒரே நாளில் தூக்கினால் அவன் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது 2023 பிப்ரவரியில் டோட்டா 2 என்ற ஆட்டத்தில் அதை நடத்தும் வால்வ் கம்பெனி செய்தது. சாதாரணமாக ஆடும்போது யாரும் படிக்கவே தேவையில்லாத ஒரு தரவை கிளையன்ட்டுக்குள் (ஆடுகிறவர் கம்ப்யூட்டரில் ஓடும் ஆட்ட மென்பொருளுக்குள்) வைத்தார்கள். திருட்டு மென்பொருள் மட்டும்தான் அந்த இடத்தைத் தொடும். தொட்டவர்கள் பட்டியல் 40,000ஐத் தாண்டியது. எலிக்கு மசால்வடை வைத்த கதைதான். பிரவுசர் ஆட்டத்திலும் இதைச் செய்யலாம்: கண்ணுக்குத் தெரியாத ஒரு பொத்தானை வலைப்பக்கத்தில் வையுங்கள். அதில் இருக்கிற பொத்தானையெல்லாம் தேடி அழுத்துகிற ஸ்கிரிப்ட் (பாட்டாக ஓடும் சின்ன நிரல்) என்றால் அதையும் அழுத்தும்.

---

வரைபடம்

உங்கள் லாகை வைத்தே நிறையச் சொல்லலாம். தாமதங்களை எடுத்து ஒரு படம் போடுங்கள். 2 விநாடியிலிருந்து 5 விநாடி வரை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால், யாரோ "2க்கும் 5க்கும் நடுவில் ஏதாவது ஒரு எண்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். மனிதன் அப்படி அழுத்த மாட்டான். பெரும்பாலும் ஒரு இடத்தில் குவியும், அப்புறம் வலது பக்கம் நீளமாக இழுத்துக்கொண்டே போகும். ஒரு முறை 40 விநாடி, ஒரு முறை குக்கர் விசிலை நிறுத்தப் போய் 6 நிமிடம். சுருக்கமாக, மனிதனுக்கு வால் உண்டு, பாட்டுக்கு வால் கிடையாது. (சங்கீதத்தைச் சொல்லவில்லை.)

அழுத்திய இடத்தையும் பதிவு செய்கிறீர்களா? ஒவ்வொரு முறையும் பொத்தானின் அதே புள்ளி என்றால் அதுவும் ஒரு அடையாளம்.

ஆனால் இந்த வித்தையெல்லாம் சோம்பேறி ஸ்கிரிப்ட்டுக்குத்தான். நான் இப்போது எழுதியதைப் படிக்கிற எவனும் நாளைக்கே தன் ஸ்கிரிப்ட்டுக்கு வால் ஒட்டிவிடுவான்.

---

சர்வர்க்காரன்

படம் போட்டேன். பலகை மாதிரி தட்டையாக இருக்கிறது. வாலே இல்லை.

---

மண்கோட்டை

அப்புறம் என்ன?

---

இருவர்ஐடி

அவசரப்படாதீர்கள். லாகை மட்டும் நம்பி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஆட்டத்தின் பெயர் வேண்டாம். நானும் என் தம்பியும் ஒரே ஐடியில் ஆடினோம். வீட்டில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், சந்தாவுக்குக் காசு இருந்ததும் ஒன்றுக்குத்தான். பகலில் நான், ராத்திரி அவன். நாளுக்கு 19, 20 மணி நேரம் ஓடும். ஒரு நாள் திறந்தால், தானியங்கி மென்பொருள் பயன்படுத்தியதற்காக நிரந்தரத் தடை என்று ஒரே வரி. மேல்முறையீடு செய்தேன். பத்து நிமிடத்தில் நிராகரிப்பு வந்தது, அந்தப் பதிலை எழுதியதும் ஒரு பாட்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

ஐடியைப் பகிர்ந்தது விதிப்படி தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் செய்யாத தப்புக்குத்தான் தண்டனை கிடைத்தது. தம்பி அதற்குப் பிறகு எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் தொடவில்லை.

---

ஒற்றைவிரல்

எனக்கு வலது மணிக்கட்டில் பிரச்சினை. ஒரு முறை அழுத்தினால் பத்து முறை அழுத்துகிற சின்ன மென்பொருள் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் என்னால் எந்த ஆட்டமும் ஆட முடியாது. எல்லா ஆட்டத்தின் விதியிலும் நானும் பாட்தான். எழுதும்போது இதையும் மனதில் வையுங்கள்.

---

கீபோர்டுதூசி

கேஸ் போடுங்கள் சர்வர்க்காரரே :)

சும்மா சொல்லவில்லை, அதுவும் நடந்திருக்கிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆட்டத்துக்கு கிளைடர் என்று ஒரு பாட் காசுக்கு விற்றார்கள். ஆட்டத்தின் கம்பெனியான பிளிசார்டு, வார்டன் என்ற கண்காணிப்பு நிரலை வைத்துத் தேடியது, கிளைடர்காரர் அதற்கும் ஒளிந்துகொள்ள வழி செய்தார். வழக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2010 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆட்ட விதியை மீறி பாட் ஓட்டுவது அதனாலேயே பதிப்புரிமைத் திருட்டு ஆகாது என்றார்கள். ஆனால் வார்டனின் கண்ணில் மண்ணைத் தூவக் கருவி விற்றது சட்டத்துக்குப் புறம்பு என்றார்கள். தென்கொரியாவில் இன்னும் கடுமை. கம்பெனி அனுமதிக்காத இப்படிப்பட்ட நிரல்களைச் செய்து பரப்பினால் 5 ஆண்டு வரை சிறை என்று 2016இல் சட்டத்தையே திருத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அதே கொரியாவில் மொபைலுக்கு வந்த லினியேஜ் ஆட்டங்களில் "ஆட்டோ" பொத்தானைக் கம்பெனியே வைத்துக் கொடுக்கிறது. அழுத்திவிட்டு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாம், பாத்திரம் தானாகவே சண்டை போடும். வெளியாள் விற்றால் குற்றம், கடைக்காரரே கொடுத்தால் வசதி.

---

நாஞ்சில்நண்டு

கம்பெனியே பாட்டை எதிராளியாக விடுகிற கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பப்ஜி மொபைலில் முதல் நாள் பத்துப் பேரைச் சுட்டு "நான் பெரிய ஆள்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் பாட் என்று தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை. காசு வைத்து ஆடும் ரம்மியில் இது இன்னும் மோசம். அந்தப் பக்கம் சீட்டு பிடித்திருப்பது ஆளா இல்லையா என்று எப்படித் தெரியும்?

---

பழையபெருச்சாளி

ரம்மிக்குத் தனி இழை தொடங்குங்கள் நண்டு. தமிழ்நாட்டின் 2022 சட்டம், 2023 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2025இல் மத்திய அரசின் தடை என்று அது ஒரு மகாபாரதம். இங்கே காசு இல்லாத ஆட்டத்தைப் பேசுவோம்.

காசு இல்லாவிட்டாலும் பாட் வரும் என்பதற்கு டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஒன்று போதும். 2007இல் வந்த ஆட்டம், 2011இல் இலவசமானது. 2020 வாக்கில் ஸ்னைப்பர் (தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும்) பாட்டுகள் புகுந்தன. தலை தெரிந்த நொடியில் சுடும், மைக்கில் கர்ணகடூரமாக எதையாவது ஓட்டும், கூட்டமாக வந்து வாக்குப் போட்டு நிஜ ஆளை வெளியேற்றும், உங்கள் பெயரையே வைத்துக்கொண்டு நிற்கும். அதில் எந்தத் தங்கமும் இல்லை. ஆட்டத்தைக் கெடுப்பதே சந்தோஷம். 2022 மே மாதமும், மறுபடி 2024 ஜூனிலும் ஆடுகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் சத்தம் போட்டார்கள். இரண்டாவது முறை மனுவில் 3 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் பெரிய பேன் அலை வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள்.

ஆகவே தம்பி, பாட்டில் இரண்டு சாதி. ஒன்று உங்களைக் கெடுக்க வருவது, அதனிடம் பேச்சே கிடையாது. இன்னொன்று, சலிப்பான வேலையை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பது. உங்கள் ஆள் இரண்டாவது. 8 நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சொன்னது யார்? நீங்கள்தானே? அந்தப் பொத்தானில் யோசிக்க என்ன இருக்கிறது? இயந்திரம் செய்யக்கூடிய வேலையை மனிதனுக்குக் கொடுத்தீர்கள், அவர் அதை இயந்திரத்துக்குக் கொடுத்தார்.

இன்னொன்று. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் ஆட்டத்தில் மேக்ரோ (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) ஓட்டுவதை முழுக்கத் தடுக்கவில்லை. ஆள் இல்லாமல் ஓட்டுவதுதான் குற்றம். சந்தேகம் வந்தால் நிர்வாகி நேராக உங்கள் பாத்திரத்தின் முன்னால் வந்து நின்று பேச்சுக் கொடுப்பார். பதில் சொன்னால் சரி, இல்லையென்றால் தண்டனை. 400 பேர் ஆட்டத்துக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. போய்க் கதவைத் தட்டுங்கள்.

---

மண்கோட்டை

"பொத்தானில் யோசிக்க என்ன இருக்கிறது" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. ஏழு மாதம் அழுத்தியவன் முட்டாளா?

---

பழையபெருச்சாளி

அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டது எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. நானும் வில்லோ வெட்டியவன்தானே.

---

வெள்ளைக்குதிரை

சதுரங்கப் பக்கத்திலிருந்து ஒன்று. லிசெஸ் என்ற சதுரங்கத் தளத்தில் 2018இலிருந்து பாட்டுக்குத் தனி அக்கவுண்ட் உண்டு. பெயருக்கு முன்னால் பாட் என்று பட்டம் ஒட்டியிருக்கும். விரும்புகிறவர்கள் அதை ஆட்டத்துக்கு அழைக்கலாம், சாதாரண வரிசையில் வந்து மனிதனோடு மோதாது. ஒளிந்து இன்ஜின் (சதுரங்க நகர்வைக் கணக்கிடும் நிரல்) வைத்து ஆடியவன் பிடிபட்டால், அவனிடம் தோற்றவர்களுக்கு இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருவதும் உண்டு. எனக்கே ஒரு முறை 11 புள்ளி திரும்பி வந்தது. வந்த மகிழ்ச்சி புள்ளிக்காக இல்லை, தோற்றது நான் மட்டமாக ஆடியதால் இல்லை என்று யாரோ சொன்னதற்காக.

தண்டனையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். தோற்றவனுக்கு என்ன திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

---

சர்வர்க்காரன்

நண்பர்களே, இரண்டு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

பெருச்சாளி அண்ணன் சொன்னபடி ராத்திரி 3 மணிக்கு அவருக்கு ஆட்டத்துக்குள் செய்தி அனுப்பினேன். "ஐயா, இருக்கிறீர்களா?" பதில் இல்லை. மரம் மட்டும் 8 நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்துகொண்டே இருந்தது. காலை 6:10க்குப் பதில் வந்தது: "இப்போதுதான் எழுந்தேன் தம்பி, ராத்திரி கூப்பிட்டீர்களா?"

அவ்வளவுதான் விசாரணை. அதற்கப்புறம் போனில் பேசினோம். நாஞ்சில்நண்டு, உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. ஆளா பாட்டா என்று கேட்டேன் அல்லவா, உங்கள் ஊர் அர்த்தத்திலும் பாட்டாதான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் காலேஜ் போவதற்கு முன் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "தப்பா தம்பி?" என்று கேட்டார். விதியில் இருக்கிறது ஐயா என்றேன். "மரம் வெட்டவா வந்தேன், நாலு பேரோடு பேச வந்தேன். மரம் இல்லாதவனை அலையன்ஸில் (கூட்டணியில்) சேர்க்க மாட்டோம் என்கிறார்களே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

செய்தது இதுதான். 8 நிமிடப் பொத்தானை எடுத்துவிட்டோம். இனி யார் வேண்டுமானாலும் 12 மணி நேரத்துக்கு ஒரே கட்டளையாக மரம் வெட்ட ஆள் அனுப்பலாம், எங்கே அனுப்புவது, எவ்வளவு காவல் வைப்பது என்பதுதான் இனி முடிவு. அலையன்ஸில் சேர மரக் கணக்கு தேவையில்லை. ஒற்றைவிரல் போன்றவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உதவி மென்பொருள் வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தனி ஐடி, பெயருக்குப் பக்கத்தில் "இயந்திரம்" என்று இருக்கும், பட்டியலில் இடம் கிடையாது. ஐயாவின் மரத்தைப் பூஜ்யமாக்கினோம், ஐடியைத் தொடவில்லை. அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய அலையன்ஸில் ஆறு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஐம்பது இல்லை.

மண்கோட்டை, உங்களுக்கு முதல் இடம் வந்திருக்கிறது. அது போதாது என்று தெரியும்.

---

மண்கோட்டை

போதாது. முதல் இடத்துக்கு வந்த அன்றே அந்த இடம் செல்லாக் காசாகிவிட்டது. நான் ஏழு மாதத்தில் சேர்த்ததை நேற்று சேர்ந்தவன் மூன்று வாரத்தில், தூங்கி எழுந்து சேர்க்கப்போகிறான். வெள்ளைக்குதிரைக்கு 11 புள்ளி திரும்பி வந்தது. என் தூக்கத்தை எந்த வரிசையில் போய்க் கேட்பது?

---

சர்வர்க்காரன்

கேட்க வரிசை இல்லை, உண்மைதான். கையால் வெட்டிய மரத்தின் கணக்கு மட்டும் லாகில் இருக்கிறது. அதை உங்கள் ஊரின் வாசலில் கல்வெட்டாக வைக்க முடியும். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

---

வரைபடம்

அதற்கு வால் இருக்கிறதா என்று நான் பார்த்துத் தருகிறேன்.

---

மண்கோட்டை

பாருங்கள். குக்கர் விசில் எல்லாம் அதில் இருக்கும்.

கல்வெட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அலாரத்தை எடுத்துவிட்டேன், ஆனால் 3 மணிக்குத் தானாகவே விழிப்பு வருகிறது. அதை வீணாக்குவானேன் என்று நேற்று படையைத் திரட்டிவிட்டேன். ஞாயிறு ராத்திரி பாட்டா கோட்டை மேல் இறங்குகிறேன். அவர் காவல் வைத்திருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் யாரும் போய்ச் சொல்லக் கூடாது.

---

நாஞ்சில்நண்டு

நான் இப்போதுதான் அந்த ஆட்டத்தில் சேர்ந்தேன். ஒரு பெரியவர் வந்து எனக்கு மரம் வேண்டுமா என்று கேட்கிறார். தன்னிடம் 40தான் இருக்கிறதாம், அதில் 20 தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?